செட்டுக்ஸிமாப் மருந்தை மீண்டும் தொடங்கலாமா? ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. தேடும் பரிசோதனை குறித்து

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்றுநோய் இருப்பதும், அது கல்லீரலில் பல இடங்களுக்குப் பரவிவிட்டதும் தெரியவந்தது. சதைப் பரிசோதனையில் ‘ராஸ் மரபணுவில் மாற்றம் இல்லை’ என்று வந்ததால், இரினோடீகான் கீமோவுடன் செட்டுக்ஸிமாப் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டிகள் நன்றாகச் சுருங்கின. 11 மாதங்களுக்குப் பிறகு அவை மறுபடி வளர்ந்ததால் ஆக்ஸாலிபிளாட்டின், பெவசிஸுமாப் என்று மருந்தை மாற்றினார்கள். அதுவும் 7 மாதங்கள் பலன் தந்தது. இப்போது ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவும் கூடியிருக்கிறது, ஸ்கேனிலும் கட்டிகள் பெரிதாகியிருக்கின்றன. ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் ‘லிக்விட் பயாப்ஸி’ செய்துவிட்டு, பழைய செட்டுக்ஸிமாப் மருந்தையே மீண்டும் கொடுக்கலாமா என்று முடிவு செய்வோம் என்கிறார் மருத்துவர். ஏற்கெனவே சதையில் பார்த்ததை ரத்தத்தில் ஏன் மறுபடி பார்க்க வேண்டும்? ‘மாற்றம் இல்லை’ என்று வந்தால் அதை நம்பலாமா? மாதம் ஒரு முறை இதைச் செய்தால் நோயைக் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம் என்று பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்தவர் சொல்கிறார். அதற்கு நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். என்ன செய்வது?
— வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை. எனவே அவருக்கு எந்த மருந்து என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், இந்தப் பரிசோதனையை இப்போது ஒரு முறை செய்வதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. மாதந்தோறும் செய்வதற்கு இல்லை. அறிக்கை கையில் வந்ததும் அதில் நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் அதைப் பார்க்காமலே கடந்துவிடுகின்றன என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உடலில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான செல்கள் இறக்கின்றன. அவற்றின் டி.என்.ஏ. சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. இத்துண்டுகள் பெரும்பாலும் 166 எழுத்துகள் அளவிலானவை. ரத்தத்தில் இப்படிச் செல்லுக்கு வெளியே டி.என்.ஏ. மிதப்பதை 1948ஆம் ஆண்டிலேயே பிரான்சைச் சேர்ந்த மண்டெல், மெத்தே என்ற இருவர் கண்டறிந்து எழுதினார்கள். புற்றுநோய் உள்ளவர்களிடத்தில் இந்தத் துண்டுகளில் ஒரு பங்கு கட்டியிலிருந்து வருகிறது, கட்டியில் உள்ள அதே மரபணு மாற்றங்களைச் சுமந்தும் வருகிறது. மீதிப் பங்கு பெரும்பாலும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களுடையது. சிலருக்குக் கட்டியின் பங்கு பாதிக்கு மேல் இருக்கும், வேறு சிலருக்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் துண்டுகள் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தை அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியை அகற்றிய பிறகு அதன் டி.என்.ஏ. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைவதைக் கண்டார்கள். ஆகவே இன்று காலை எடுக்கும் ரத்தம் இன்றைய கட்டியைப் பற்றிப் பேசுகிறது. பரிசோதனைக்கூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் உங்கள் அப்பாவின் சதைத்துண்டு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கட்டியைப் பற்றித்தான் பேசும். ‘ஏற்கெனவே பார்த்ததை ஏன் மறுபடி பார்க்க வேண்டும்’ என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கட்டி மாறியிருக்கக் கூடும், அதுவும் நாம் கொடுத்த மருந்தினாலேயே.

எப்படி என்று சொல்கிறேன். செட்டுக்ஸிமாப் மருந்து, புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை அடைக்கிறது. ‘வளர்’ என்ற கட்டளை அந்த ஏற்பியில் தொடங்கி, ராஸ் புரதத்தின் வழியாகச் செல்லின் உள்ளே போகிறது. ராஸ் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டுவிட்டால், மேலிருந்து கட்டளை வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் புரதம் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். மேல்மடையை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும், கீழே வாய்க்காலின் கரை உடைந்திருந்தால் வயலுக்குள் தண்ணீர் பாயத்தான் செய்யும் அல்லவா? அதனால்தான் பரவிய பெருங்குடல் புற்றுநோயில் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன் ராஸ் சோதனை கட்டாயம். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ராஸ் மாற்றம் தொடக்கத்திலேயே இருக்கும், அவர்களுக்கு இந்த மருந்து தரப்படுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு அது இல்லை. கட்டியும் இடப்பக்கத்தில் இருந்தது. கட்டிகள் நன்றாகச் சுருங்கியதற்குக் காரணம் இவ்விரண்டுமே.

பிறகு ஏன் மருந்து கைவிட்டது? இதற்கான விடை 2012இல், ஒரே நேரத்தில் வெளியான இரண்டு ஆய்வுகளில் கிடைத்தது. ஒன்றில், தொடக்கத்தில் கே-ராஸ் (ராஸ் மரபணுக்களில் ஒன்று) மாற்றம் இல்லாதிருந்த 24 நோயாளிகளுக்குச் செட்டுக்ஸிமாபின் உறவு மருந்தான பனிட்டுமுமாப் கொடுத்து, அவர்களுடைய ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள். 9 பேரின் ரத்தத்தில் கே-ராஸ் மாற்றம் புதிதாகத் தோன்றியது, பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய ஐந்தாறு மாதங்களில். மற்றோர் ஆய்வு இத்தாலியிலிருந்து வந்தது. ஸ்கேனில் கட்டி வளர்வது தெரிவதற்குப் பத்து மாதங்கள் முன்பே ரத்தத்தில் இந்த மாற்றம் தென்பட்டதாக அது காட்டியது. கட்டியில் உள்ள கோடிக்கணக்கான செல்களில் ராஸ் மாற்றம் கொண்ட சில செல்கள் ஒரு மூலையில் இருக்கின்றன. மருந்து மற்றவற்றை அழிக்கும்போது அவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன. கல்லீரலில் ஒரு கட்டியில் ஒரு வகை மாற்றமும், பக்கத்துக் கட்டியில் வேறு வகை மாற்றமும்கூட இருக்கலாம். ஊசி போட்டு ஒரு கட்டியிலிருந்து சதை எடுத்தால் அந்த ஒன்றின் நிலை மட்டுமே தெரியும், ரத்தத்திலோ எல்லாக் கட்டிகளும் உதிர்த்தவை கலந்து கிடைக்கின்றன. பரவிய நோயைப் புரிந்துகொள்வதில் ரத்தப் பரிசோதனை ஆய்வாளர்களுக்குத் தந்த மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து.

அடுத்த கண்டுபிடிப்புதான் உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. இத்தாலியின் டுரின் நகரைச் சேர்ந்த ஆல்பர்டோ பார்டெல்லியின் குழு 2015இல் ஒன்றைக் காட்டியது. மருந்தை நிறுத்தியதும், ராஸ் மாற்றம் கொண்ட செல்களின் பங்கு ரத்தத்தில் படிப்படியாகக் குறைகிறது. மருந்தின் நெருக்கடி இருக்கும்வரைதான் அந்தச் செல்களுக்கு ஆதாயம். நெருக்கடி நீங்கினால் மற்றச் செல்கள் அவற்றை முந்திக்கொண்டு வளர்கின்றன. அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்தை நிறுத்திய பிறகு இந்த மாற்றங்களின் அளவு சுமார் 4.4 மாதங்களில் பாதியாகிறது என்று கணக்கிட்டது. எனவே சில மாதங்கள் இடைவெளி விட்டு அதே மருந்தை மறுபடி கொடுத்தால் பலன் கிடைக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. உங்கள் அப்பா செட்டுக்ஸிமாப் இல்லாமல் 7 மாதங்கள் இருந்திருக்கிறார். மருத்துவர் இந்த யோசனையைச் சொன்னதற்கு இதுவே அடிப்படை.

இது வெறும் எண்ணமாக நின்றுவிடவில்லை. இத்தாலியில் ‘கிரிக்கெட்’ என்ற பெயரில் நடந்த சிறிய ஆய்வு 2019இல் வெளியானது. அதில் சேர்ந்த 28 பேரும் ஏறக்குறைய உங்கள் அப்பா வந்த பாதையிலேயே வந்தவர்கள்: முதலில் இரினோடீகானும் செட்டுக்ஸிமாபும், பிறகு ஆக்ஸாலிபிளாட்டினும் பெவசிஸுமாபும், அதற்குப் பிறகு மீண்டும் இரினோடீகானும் செட்டுக்ஸிமாபும். 6 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மறுசிகிச்சை தொடங்கும்போது 25 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 12 பேருக்கு ராஸ் மாற்றம் இருந்தது. கட்டி சுருங்கியது உறுதியானவர்களில் ஒருவருக்குக்கூட அந்த மாற்றம் இல்லை. நோய் கட்டுப்பட்டிருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்கு அதற்குக் கீழ்), மாற்றம் இல்லாதவர்களுக்கு 4 மாதங்கள், இருந்தவர்களுக்கு 1.9 மாதங்கள். மாற்றம் இருந்தவர்களுக்கு மருந்தின் பக்கவிளைவுகளே மிஞ்சின என்று சொல்லலாம்: முகத்திலும் மார்பிலும் கொப்புளங்கள், வறண்டு வெடிக்கும் தோல், ரத்தத்தில் மெக்னீசியக் குறைவு. உங்கள் அப்பா இவற்றை ஒரு முறை அனுபவித்தவர், அவருக்குத் தெரியும்.

மிலான் நகரின் நிகுவார்தா மருத்துவமனையை மையமாகக் கொண்டு நடந்த ‘குரோனோஸ்’ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 2022இல் வெளியான அந்த ஆய்வில் முதலில் 52 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 16 பேருக்கு மருந்தைத் தடுக்கும் மாற்றங்கள் ரத்தத்தில் இருந்ததால் அவர்களை அப்போதே விலக்கிவிட்டார்கள். பலன் தராத ஒரு சிகிச்சை அந்த 16 பேருக்கும் தவிர்க்கப்பட்டது. இறுதியில் பனிட்டுமுமாப் கொடுக்கப்பட்ட 27 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது, 17 பேருக்கு நோய் சிறிது காலமாவது கட்டுக்குள் இருந்தது. 27 பேரையும் சேர்த்துப் பார்த்தால், நோய் வளராதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 16 வாரங்கள். பல சிகிச்சைகளைக் கடந்து வந்த நோயாளிகளில் இது மதிக்கத்தக்க பலன். ஆனாலும் இது நோயைக் குணப்படுத்துவது ஆகாது. மூன்றில் ஒரு பங்கினருக்கு, சில மாதங்களுக்கு. இதை உங்களிடம் மறைக்காமல் சொல்வது என் கடமை. பரிசோதனையின் பெயர் புதிதாக இருப்பதால் அதன் பின்னால் புதிதாக ஒரு பெருமருந்து காத்திருப்பதாக நம்பிவிடும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். அது தேர்வு செய்ய உதவும் கருவிதான், சிகிச்சை அல்ல.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: ‘மாற்றம் இல்லை’ என்று வந்தால் நம்பலாமா?

அறிக்கையில் ‘ராஸ் மாற்றம் காணப்படவில்லை’ என்று வருவதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. போதிய அளவு இருந்து, அதில் ராஸ் மாற்றம் இல்லாமல் இருக்கலாம். அல்லது அந்தக் குழாயில் கட்டியின் டி.என்.ஏ.வே இல்லாமல், அப்பாவின் வெள்ளை அணுக்களுடைய டி.என்.ஏ. மட்டும் சோதிக்கப்பட்டிருக்கலாம். முதலாவது நமக்கு உதவும் செய்தி. இரண்டாவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அச்சிட்ட அறிக்கையில் இரண்டும் ஒரே சொற்களில் வந்து நிற்கும் என்பதுதான் ஆபத்து. 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பரவிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் 206 பேரின் சதையையும் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். சதையில் கே-ராஸ் மாற்றம் இருந்தவர்களில் 87.2 சதவீதத்தினருக்கு அது ரத்தத்திலும் தெரிந்தது. சதையில் இல்லாதவர்களில் 99.2 சதவீதத்தினருக்கு ரத்தத்திலும் இல்லை. ஆகவே, இருப்பதாக வந்தால் பெரும்பாலும் உண்மை. ஆனால் மாற்றம் உண்மையிலேயே இருப்பவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு ‘இல்லை’ என்று தவறாக வர இடமுண்டு. கல்லீரலுக்குப் பரவிய நோய் ரத்தத்தில் தாராளமாக டி.என்.ஏ.வை உதிர்க்கிறது. நுரையீரலிலோ வயிற்றின் உள்சவ்விலோ மட்டும் பரவியிருந்தால் உதிர்வது மிகவும் குறைவு. அப்பாவின் நோய் கல்லீரலில் இருப்பது, பரிசோதனையைப் பொறுத்தவரையில் மட்டும், சாதகமான செய்தி.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் ஏ.பி.சி., டி.பி.53 என்ற மரபணுக்களில் ஒன்றிலோ இரண்டிலுமோ மாற்றம் இருக்கும். இவை கட்டி உருவாகும் காலத்திலேயே ஏற்படுபவை என்பதால் எல்லாக் கட்டிகளிலும் இருக்கும், மருந்தால் மறைந்துபோவதும் இல்லை. ரத்த அறிக்கையில் ராஸ் மாற்றம் இல்லை, ஆனால் ஏ.பி.சி. அல்லது டி.பி.53 மாற்றம் தெளிவான சதவீதத்தில் இருக்கிறது என்று வந்தால், குழாயில் கட்டியின் டி.என்.ஏ. இருந்திருக்கிறது என்று பொருள். அப்போது ‘ராஸ் இல்லை’ என்பதை நம்பிக்கையுடன் ஏற்கலாம். அப்பாவின் பழைய சதையில் விரிவான மரபணு சோதனை செய்யப்பட்டிருந்து, அதில் கண்ட அதே மாற்றம் ரத்தத்திலும் தெரிந்தால் இன்னும் உறுதி. மாறாக, அறிக்கையில் எந்த மரபணுவிலும் எந்த மாற்றமும் இல்லை என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த அறிக்கை உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் ரத்தம் எடுப்பதா, கல்லீரல் கட்டியிலிருந்து புதிதாகச் சதை எடுப்பதா என்று மருத்துவரிடம் பேசுங்கள். ராஸ், பி-ராஃப் என்ற மரபணுக்களை மட்டும் பார்க்கும் மலிவான சோதனையில் இந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை. அதனால், பணம் கட்டுவதற்கு முன் எந்தெந்த மரபணுக்களைப் பார்க்கிறார்கள், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவும் அதில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செட்டுக்ஸிமாப் ஒட்டும் இடத்திலேயே ஏற்பி உருமாறியிருந்தாலும் மருந்து வேலை செய்யாது.

நேர்மாறான சிக்கலும் உண்டு. வயதாக ஆக எலும்பு மஜ்ஜையின் சில செல்களில் மரபணு மாற்றங்கள் சேர்கின்றன, அவை வெள்ளை அணுக்கள் வழியாக ரத்தத்துக்கு வருகின்றன. டி.பி.53 மாற்றம்கூட அப்படி வரலாம், அதைக் கட்டியுடையது என்று தவறாக எண்ணிவிட நேரும். வெள்ளை அணுக்களின் டி.என்.ஏ.வையும் தனியே சோதித்து ஒப்பிடும் கூடங்களில் இந்தக் குழப்பம் நீங்கிவிடும். ராஸ் மாற்றம் மிகச் சிறிய சதவீதத்தில் மட்டும் தெரிந்தால் என்ன செய்வது என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒருமித்த எல்லைக்கோடு வரையப்படவில்லை. மருத்துவரின் தீர்ப்புக்கு விடவேண்டிய இடம் அது.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். கீமோ நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கட்டி உதிர்ப்பது குறைந்துவிடும், அப்போது எடுத்தால் வெறும் குழாய்தான் மிஞ்சும். நோய் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று ஸ்கேன் காட்டிய பிறகு, அடுத்த மருந்து தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளியே ஏற்றது. இப்போது நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். செல்கள் உடையாமல் காக்கும் திரவம் கொண்ட சிறப்புக் குழாயில் எடுத்தால் அறை வெப்பத்திலேயே சில நாட்கள் கெடாது. சாதாரணக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை அணுக்கள் உடைந்து, கட்டியின் பங்கு மேலும் நீர்த்துப்போகும். விருதுநகரிலிருந்து கூரியரில் வேறு ஊருக்குப் போகும் மாதிரி என்றால் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

மாதந்தோறும் செய்வதைப் பற்றி: ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. கூடுவது சில நேரங்களில் ஸ்கேனுக்கு முன்பே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பரவிய பெருங்குடல் புற்றுநோயில், ரத்தத்தில் தெரிந்த உடனே மருந்தை மாற்றியவர்கள், ஸ்கேனில் தெரிந்த பிறகு மாற்றியவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்பது நிறுவப்படவில்லை. ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளும், பரவிய நோயில் மரபணு நிலையை அறிய இந்தச் சோதனையை ஏற்றுக்கொள்கின்றனவே தவிர, வழக்கமான கண்காணிப்புக்குப் பயன்படுத்தச் சொல்லவில்லை. அந்தக் கண்காணிப்புக்குச் சி.இ.ஏ. சோதனையும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு ஸ்கேனும் போதும். நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணம் மருந்துக்கும், அப்பாவின் சாப்பாட்டுக்கும், போக்குவரத்துக்கும் தேவைப்படும்.

பழைய சதை அறிக்கையையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ராஸ் மட்டுமன்றி பி-ராஃப், ஹெர்-2 மரபணுக்களும், எம்.எஸ்.ஐ. (டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைத் திருத்தும் வேலை பழுதாகியிருப்பதன் அடையாளம்) என்பதும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நூற்றில் சிலருக்கே இருந்தாலும், இருப்பவர்களுக்குத் தனி மருந்துகள் உண்டு. விடுபட்டிருந்தால் இந்த ரத்தச் சோதனையிலேயே சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ராஸ் மாற்றம் இருப்பதாகவே வந்தால்? செட்டுக்ஸிமாபை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு வேறு வழிக்குப் போக வேண்டும். டிரைஃப்ளூரிடின்-டிபிராசில் மாத்திரையுடன் பெவசிஸுமாப் சேர்த்துக் கொடுப்பது அவற்றில் முதன்மையானது. 492 பேர் பங்கேற்று 2023இல் வெளியான ‘சன்லைட்’ ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 7.5 மாதங்களாகவும், இரண்டும் எடுத்தவர்களுக்கு 10.8 மாதங்களாகவும் இருந்தது. ரெகோராஃபெனிப் மாத்திரையும் உண்டு. அந்தச் சிகிச்சை நடக்கும் மாதங்களில் ராஸ் மாற்றம் கொண்ட செல்கள் பின்வாங்கக் கூடும் என்பதால், பிறகு நோய் மறுபடி வளரும் சமயத்தில் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அறிக்கை வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அப்பாவுக்கு மஞ்சள் காமாலையோ, வேகமான எடை இழப்போ தெரிந்தால் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.